தமிழ் சொல் விளையாட்டுக்கு டேஷ்போர்டு கட்டறது எப்படி: சொல்லு ஏத்துற டீச்சருக்கு தோதா

குழந்தைங்க ஆடுற தமிழ் கேமுக்கு டேஷ்போர்டு, அதாவது டீச்சருங்க சொல்லு ஏத்தி சரிபாக்குற பக்கம், கட்டணும்னு சொன்னா பாதி பேரு உடனே கிராஃப், பை சார்ட், கலர் கலரா கட்டம்னு வரைய உக்காந்துடறாங்க. அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம். இதை தினமும் திறக்கப்போறது யாருன்னு முதல்ல யோசிங்க. மஞ்சக்குப்பத்துலயோ பாகூர்லயோ ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர், சாயங்காலம் வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு போன்ல நாலஞ்சு சொல்லு ஏத்தலாம்னு உக்காருவாங்க, அவங்கதான் உங்க யூசர். அவங்க ஏத்துற சொல்லு தப்பில்லாம புள்ளைங்க போனுக்கு போய் சேரணும். அதனால உழைப்புல முக்கால்வாசி அந்த என்ட்ரி ஃபார்ம்லயும், தப்பை வாசல்லயே நிறுத்துறதுலயும்தான் போகணும், மிச்சம் இருக்குற கால்வாசியில சார்ட் போடுங்க, போடாமலும் விடுங்க.

எதுல கட்டறதுன்னு ரொம்ப மண்டைய உடைச்சுக்க வேணாம். சொல்லு சில நூறுதான், ஏத்துறது ஒரே ஆள்தான்னா கூகுள் ஷீட் போதும், அதை ஜேசனா (கேம் படிக்கிற டெக்ஸ்ட் ஃபைல்) மாத்துற சின்ன ஸ்கிரிப்ட் ஒண்ணு எழுதிட்டு போய்க்கிட்டே இருங்க. ரெண்டு மூணு ஸ்கூல் டீச்சருங்க சேந்து ஏத்தப்போறாங்க, ஒருத்தர் ஏத்துனதை இன்னொருத்தர் சரிபாக்கணும்னு வரும்போதுதான் டேஷ்போர்டு தேவைப்படும். அப்போ ஜாங்கோவும் (பைத்தான்ல வெப்சைட் கட்டற கருவி) போஸ்ட்கிரெஸும் (டேட்டாபேஸ்) எடுத்துக்கோங்கன்னு சொல்வேன், ஏன்னா ஜாங்கோவோட அட்மின்ல லாகின், பாஸ்வேர்ட் மாத்துறது, யாருக்கு என்ன உரிமைங்கறது எல்லாம் கூடவே வந்துடுது. ஸ்ட்ராப்பி, டைரக்டஸ் மாதிரி ரெடியா அட்மினோட வர்ற மென்பொருளும் நல்லதுதான், சர்வர்ல நீங்களே போட்டுக்கலாம். ரியாக்ட்ல அடியில இருந்து நானே எழுதறேன்னு கிளம்பினா அரைச்ச மாவையே அரைச்சிக்கிட்டு இருப்பீங்க, டீச்சருங்க சொல்லு ஏத்த ஆரம்பிக்கறதுக்குள்ள காலாண்டு பரீட்சை வந்துடும். சொல்லு ஏத்துற பக்கம் ஒண்ணை மட்டும் கையால எழுதுங்க, மத்ததெல்லாம் அட்மின்ல இருக்கறபடியே விட்டுடுங்க.

இப்ப டேபிள். இங்க அவசரப்பட்டா பின்னாடி பிடுங்கி நடணும். சொல்லு ஒரு டேபிள், கேள்வி வேற டேபிள், படம் ஒலி எல்லாம் இன்னொரு டேபிள், இது மூணையும் ஒண்ணாப் போட்டு குழப்பாதீங்க. பலாப்பழம்ங்கற ஒரு சொல்லு படம் பாத்து பேர் சொல்ற ஆட்டத்துல வரும், எழுத்தை கலைச்சுப் போட்டு கோக்கற ஆட்டத்துல வரும், ஒலி கேட்டு கண்டுபிடிக்கிறதுலயும் வரும், மூணு எடத்துலயும் தனித்தனியா அடிச்சு வெச்சிருந்தா ஒரு ஒற்றுப்பிழைய திருத்த மூணு எடத்துக்கு ஓடணும், அதுல ஒண்ணு கட்டாயம் விட்டுப்போகும். சொல்லு ஒரே எடத்துல இருக்கட்டும், கேள்விங்க அதை கை காட்டட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நம்பர் குடுத்துடுங்க, அந்த நம்பர் சாகுற வரைக்கும் மாறக்கூடாது. சொல்லையே அடையாளமா வெச்சா, நாளைக்கு எழுத்து திருத்தினதும் அது கேமுக்கு புது சொல்லாத் தெரியும், புள்ள ஏற்கனவே ஜெயிச்ச நட்சத்திரம் காணாமப் போயிடும், அப்புறம் அழுகைதான்.

வகுப்புன்னு ஒரே ஒரு காலம் (டேபிள்ல மேல இருந்து கீழ போற column) போட்டு 1, 2, 3ன்னு நிரப்பிடலாம்னு தோணும். நம்ம ஊருக்கு அது ஒத்துவராது. கடலூர்ல 1ல இருந்து 3 வரைக்கும் பாடம் எடுக்குற டீச்சர், தமிழ்நாடு அரசு 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல வர்ற நிலைங்களை வெச்சு அரும்பு, மொட்டு, மலர்னுதான் பேசுவாங்க, ஒரே வகுப்புல மூணு நிலை புள்ளைங்களும் இருப்பாங்க. கன்னியக்கோயில் தாண்டி புதுச்சேரி பக்கம் போனா அரசுப் பள்ளியெல்லாம் சிபிஎஸ்இக்கு மாறியாச்சு, அங்க புஸ்தகமே வேற, பாட வரிசையும் வேற. பஸ்ல அரை மணி நேரம் கூட ஆகாத தூரத்துல ஒரே சொல்லு ஒரு ஸ்கூலுக்கு முதல் பருவம், இன்னொரு ஸ்கூலுக்கு அந்த வருஷமே இல்ல. அதனால நிலை, பாடத்திட்டம், பருவம் இதையெல்லாம் டேக் மாதிரி தனி டேபிள்ல வெச்சு, ஒரு சொல்லுக்கு எத்தனை வேணா ஒட்டிக்கலாம்னு விட்டுடுங்க. டீச்சர் லாகின் பண்ணதும் அவங்க ஸ்கூலுக்கான டேக் தானா வந்து நிக்கணும், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே டேகை திரும்பத் திரும்ப தேட விடாதீங்க.

சரி, இனிமே வர்றதுதான் விஷயமே. தமிழ் எழுத்து.

கம்ப்யூட்டருக்கு தமிழ்ங்கற சொல்லு அஞ்சு துண்டு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. நமக்கு மூணு எழுத்து. கடலூர் நமக்கு நாலு, அதுக்கு ஆறு. புதுச்சேரி நமக்கு அஞ்சு, அதுக்கு பத்து. எழுத்து கலைச்சு கோக்கற ஆட்டத்துல நீங்க சாதாரணமா ஸ்ட்ரிங்கை (சொல்லோட துண்டுத் தொடரை) உடைச்சீங்கன்னா புள்ளி தனி கட்டையா, கொம்பு தனி கட்டையா ஸ்கிரீன்ல வந்து விழும், அதைப் பாத்த டீச்சர் அடுத்த தடவ உங்க போனை எடுக்க மாட்டாங்க. பிரிக்கிற விதி லேசுதான், உயிரோ மெய்யோ ஆய்தமோ வந்தா புதுக் கட்டை, கொக்கி கொம்பு கால் புள்ளி எதுவா இருந்தாலும் முன்னாடி இருக்கற கட்டையோட ஒட்டிக்கும். பைத்தான்ல ஓப்பன் தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு, எழுத்து பிரிக்கிற ஃபங்ஷன் அதுல ரெடியாவே இருக்கு, பிரவுசர் பக்கம் Intl.Segmenter இருக்கு, கிராஃபீம் மோடுல போட்டா இதே வேலைய செய்யும். க்ஷ, ஸ்ரீ ரெண்டும்தான் இடிக்கும், மெஷின் அதை ரெண்டா உடைக்கும், டீச்சர் ஒண்ணும்பாங்க. சின்னப் புள்ளைங்க லெவல்ல அது வர்ற சொல்லே வேணாம்னு விட்டுடறது நிம்மதி, இல்லன்னா ஒண்ணுன்னு முடிவு பண்ணி கோடுல எழுதிடுங்க, எங்க பாத்தாலும் அதே முடிவுதான் இருக்கணும்.

அடுத்தது பாக்க ஒண்ணா இருந்து உள்ள வேறயா இருக்கறது. கொ அடிக்கும்போது சில கீபோர்டு ஒகரக் குறிய ஒரே துண்டா அனுப்பும், சிலது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா அனுப்பும். கண்ணுக்கு ஒரே கொ, மெஷினுக்கு வேற வேற. புள்ள சரியா கோத்து வெச்சாலும் கேம் தப்புன்னு சொல்லும். இதுக்கு யூனிகோடுல நார்மலைஸ் பண்றதுன்னு ஒரு வழி இருக்கு, என்எஃப்சிங்கற வடிவத்துக்கு மாத்திட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். சேவ் பண்ற எடத்துல ஒரே ஒரு வரி. அதே எடத்துல முன்னாடி பின்னாடி இருக்கற ஸ்பேஸ், வாட்ஸப்புல இருந்து காப்பி பண்ணும்போது ஒட்டிக்கிட்டு வர்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்துங்க எல்லாத்தையும் துடைச்சு விட்டுடுங்க, இதுக்கெல்லாம் டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்க வேணாம்.

ஆனா என்எஃப்சி பிடிக்காத ஒண்ணு இருக்கு, அதுதான் அதிகமா வரும். வௌவால் படம் போட்டு சொல்லு அடிக்கிறோம்னு வைங்க. சரியா அடிச்சா வௌ, வா, ல்னு மூணு கட்டை. நிறைய பேரு ஔகாரக் குறி எங்க இருக்குன்னு தேடிப்பாத்துட்டு, வெ அடிச்சு பக்கத்துல ள அடிச்சிடறாங்க, ஸ்கிரீன்ல பாத்தா அச்சு அசலா அதேதான் தெரியும். மெஷின் அதை வெ, ள, வா, ல்னு நாலு கட்டையா உடைக்கும். புள்ளைக்கு ஒரு கட்டை கூடுதலா வந்து நிக்கும். மௌனமும் இப்படித்தான், ஔவையாரும் இப்படித்தான், ஒ போட்டு ள போட்டு அடிக்கிறது சர்வ சாதாரணம். தானா மாத்திடலாமான்னா கூடாது, ஏன்னா வெள்ளம் இருக்கு, தெளிவு இருக்கு, நம்ம கடற்கரையில கானாங்கெளுத்தி இருக்கு, அங்கெல்லாம் கொம்புக்கு அப்புறம் வர்றது நிஜமான ளகரம். வித்தியாசம் எங்கன்னு பாத்தீங்கன்னா, நிஜமா வர்ற எடத்துல பெரும்பாலும் அந்த ளகரத்து மேல புள்ளியோ கொக்கியோ இருக்கும், ள்ள, ளி, ளு அப்படின்னு. தப்பா வர்ற எடத்துல ள மொட்டையா நிக்கும். அதனால ஒற்றைக்கொம்புக்குப் பின்னாடியோ சொல்லு தொடக்கத்துல ஒகரத்துக்குப் பின்னாடியோ மொட்டை ள வந்தா மஞ்சக் கலர்ல ஒரு எச்சரிக்கை காட்டுங்க: "இது ஔகாரமா? வௌவால்னு மாத்தட்டுமா?" பக்கத்துல ஆமா, இல்ல ரெண்டு பட்டன். தடுக்காதீங்க, கேளுங்க. டீச்சருக்குத் தெரியும்.

எச்சரிக்கைன்னு சொன்னதால சொல்றேன், அதுல வர்ற பாஷைய கொஞ்சம் பாத்துப் போடுங்க. இன்வேலிட் இன்புட்டுன்னு சிவப்பா காட்டினா அவங்க என்ன பண்ணுவாங்க, போனை வெச்சிட்டு போயிடுவாங்க. என்ன தப்பு, எந்த எழுத்துல தப்பு, என்ன பண்ணணும், இது மூணும் ஒரே வரியில தமிழ்ல இருக்கணும்.

என்ட்ரி ஃபார்மோட உயிர்நாடி எதுன்னு கேட்டா, அடிக்க அடிக்க கீழேயே எழுத்துக் கட்டை பெருசு பெருசா வந்து நிக்கிறதுதான். பெட்டியில வௌவால் அடிச்சதும் அடியில மூணு கட்டை தெரியணும், நாலு தெரிஞ்சா அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க, நீங்க மேல எழுதுன எச்சரிக்கையில பாதி தேவையே இல்லாமப் போகும். அதுக்குக் கீழ புள்ளைக்கு கேமுல எப்படித் தெரியுமோ அதே மாதிரி ஒரு சின்ன ஸ்கிரீன். சேவ் பண்ணிட்டு, கேமை திறந்து, அந்த லெவலுக்குப் போய்த்தான் பாக்கணும்னா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.

எல்லாரும் ஒரே கீபோர்டுல அடிக்க மாட்டாங்க. தமிழ்99 பழகினவங்க இருப்பாங்க, 1999 சென்னை மாநாட்டுல வந்து அரசே தரப்படுத்துன அதே லேஅவுட்தான், ஆனா போன்ல முக்கால்வாசி பேரு தங்கிலீஷ்ல அடிச்சு மேல வர்ற தமிழை தொடுற ஆளுங்கதான். அப்படி தொடும்போது பழம்னு நினைச்சு பலம் மேல விரல் பட்டுடும், அரைன்னு நினைச்சு அறை. ஸ்பெல்லிங் செக் இதைப் பிடிக்காது, ரெண்டும் நல்ல சொல்லுதான். இதுக்கு நான் சொல்றது ஒரு தேடல் காலம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்துல ஒரு மறைவு காலம் வெச்சு, அதுல ழ, ள ரெண்டையும் லவா மாத்துங்க, றவை ரவா மாத்துங்க, ண, ந ரெண்டையும் னவா மாத்துங்க, அப்படியே சேத்து வைங்க. இப்ப யாராவது புதுசா வாலைப்பழம்னு அடிச்சா அதோட மறைவு வடிவமும் வாழைப்பழத்தோட மறைவு வடிவமும் ஒண்ணா இருக்கும், உடனே "வாழைப்பழம் ஏற்கனவே இருக்கு, பாக்கறீங்களா?"ன்னு கேட்டுடலாம். தேடும்போதும் அதே காலத்துல தேடினா, எந்த ல போடணும்னு யோசிக்கறவங்களுக்கும் சொல்லு கிடைச்சிடும். ஒரே காலம், ரெண்டு வேலை.

ல, ள, ழ ஆட்டம் வைக்கறவங்க இன்னொண்ணு பாக்கணும், தப்பான ஆப்ஷன். சரியான சொல்லு எதுன்னு கேட்டு வாழை, வாளைன்னு ரெண்டு குடுக்கறாங்கன்னு வைங்க, தேவனாம்பட்டினத்துப் புள்ளைக்கு ரெண்டுமே சரி, வாளை அவன் வீட்டுல பொரிக்கிற மீனு. அவன் வாளையை தொட்டா கேம் தப்புங்கும், அவனுக்கு ஏன்னே புரியாது. மரம் மறம், மனம் மணம், பள்ளி பல்லி எல்லாத்துலயும் இதே வம்புதான். அதனால கேள்வி சேவ் ஆகும்போது தப்பு ஆப்ஷன் ஒவ்வொண்ணையும் உங்க சொல் டேபிள்ல தேடச் சொல்லுங்க. அங்க இருந்துச்சுன்னா அது நிஜ சொல்லு, அப்போ கேள்வியில படமோ ஒலியோ முழு வாக்கியமோ இல்லாம விடாதீங்க. இது மஞ்ச எச்சரிக்கை இல்ல, சிவப்பு, சேவே ஆகக்கூடாது. புள்ளைக்கு விடை தெரிஞ்சும் தப்புன்னு சொல்ற கேமை விட கேம் இல்லாம இருக்கறது மேல்.

டீச்சருங்க மொத்தமா ஏத்தணும்னு கேப்பாங்க, எக்செல்ல ஏற்கனவே வெச்சிருப்பாங்க. சிஎஸ்வி வாங்குங்க, ஆனா சாதா சிஎஸ்வியா சேவ் பண்ணா தமிழ் கேள்விக்குறியாவோ கிறுக்கலாவோ வந்து நிக்கும், சேவ் பண்ணும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை எடுக்கச் சொல்லி அப்லோட் பட்டனுக்குப் பக்கத்துலயே ஒரு படத்தோட போட்டுடுங்க. பழைய கேள்வித்தாள்ல இருந்து எடுத்துக்கிட்டு வந்தாங்கன்னா அது பாமினியிலயோ வானவில்லயோ அடிச்சதா இருக்கும், ஒட்டினதும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வரும். சொல் காலத்துல ஒரு இங்கிலீஷ் எழுத்து இருந்தாலும் அந்த வரிய நிறுத்தி "இது பழைய ஃபாண்ட், யூனிகோடுக்கு மாத்திட்டு கொண்டு வாங்க"ன்னு சொல்லிடுங்க. ஃபைல் போட்டதும் நேரா டேட்டாபேஸ்ல இறக்காதீங்க, முதல்ல எத்தனை வரி சரி, எந்த வரியில என்ன கோளாறுன்னு ஒரு பட்டியல் காட்டி, அவங்க ஓகே சொன்னப்புறம் மொத்தமும் ஒரே டிரான்சாக்ஷன்ல (எல்லாம் ஏறணும், இல்லன்னா எதுவும் ஏறக்கூடாது) போகணும். பாதி ஏறி பாதி நிக்கிற ஃபைல் மாதிரி தலைவலி வேற இல்ல.

கார்த்திகை மாசத்துல கரண்டும் நெட்டும் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியும், 2024 ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அடிச்சது அடிச்சபடி போன்லயே பிரவுசர்ல தங்கணும், இன்டெக்ஸ்ட் டிபின்னு பிரவுசருக்குள்ளயே ஒரு சேமிப்பு இருக்கு, அதுல போட்டு வெச்சிட்டு நெட்டு வந்ததும் அனுப்புங்க. மேல ஓரத்துல "3 சொல்லு இன்னும் போகல"ன்னு காட்டினா போதும், அவங்க தைரியமா அடிப்பாங்க. அந்த நேரம் பாத்து அதே சொல்லை வேற யாராவது மாத்தியிருந்தா, கடைசியா வந்ததை வெச்சு முன்னாடி இருந்ததை அழிச்சிடாதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டி எது வேணும்னு கேளுங்க.

நிலைமைங்க அஞ்சு வைங்க: வரைவு, பார்வைக்கு, சரி, வெளியானது, நிறுத்தி வெச்சது. டெலீட் பட்டனே வேணாம், நிறுத்தி வைக்கிறதுதான் டெலீட். ஏத்துனவங்களே சரின்னு போட்டுக்கக்கூடாது, இன்னொருத்தர் கண்ணு கட்டாயம் படணும், ஜாங்கோவுல குரூப் வெச்சு யாருக்கு எந்த பட்டன்னு பிரிச்சிடலாம், ஆனா தன் சொல்லை தானே சரிபாக்கக்கூடாதுங்கற விதிய மட்டும் நீங்க தனியா எழுதணும். திருப்பி அனுப்பும்போது காரணம் இல்லாம அனுப்ப முடியாதபடி பண்ணுங்க. எழுத்து சரியில்ல, படம் புரியல, ஒலி தெளிவில்ல, இந்த நிலைக்கு கஷ்டம்னு நாலு ரெடி பட்டன் போட்டா ஒரு தட்டுல முடிஞ்சிடும். ஒரு சீனியர் டீச்சர் அடிச்சதை ஜூனியர் திருப்பி அனுப்பணும்னா சங்கடம் வரும் பாருங்க, ரெடி பட்டன் இருந்தா சிஸ்டம் சொன்ன மாதிரி போயிடும், யாரும் மூஞ்ச தூக்கி வெச்சிக்க மாட்டாங்க.

ஒலிக்கு மட்டும் சரிபாக்கறது தனியா வைங்க, சொல்லு சரின்னா ஒலியும் சரின்னு ஆகாது. எழுதும்போது ழகரம் கரெக்டா போடுற ஆளே பேசும்போது வாளப்பளம்பாரு, நம்ம பக்கம் பேச்சு அப்படித்தான், அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ல, ள, ழ கேட்டு பிரிக்கிற ஆட்டத்துக்கு அந்த ரெக்கார்டிங் ஆகாது. நாக்கு நல்லா மடியுற ரெண்டு பேரை பிடிச்சு அவங்க குரலை மட்டும் இந்த ஆட்டத்துக்கு வைங்க, மத்த ஆட்டத்துக்கு யார் குரலும் இருக்கலாம். போன்லயே எடுக்கலாம், ஃபேனை நிறுத்திட்டு. ஏத்தினதும் சர்வர்ல எஃப்எஃப்எம்பெக்ங்கற (FFmpeg) ஒலி மாத்துற மென்பொருள் வெச்சு முன்னாடி பின்னாடி இருக்கற மௌனத்தை வெட்டி, சத்தத்தை ஒரே அளவுக்கு கொண்டு வந்து, மோனோ எம்பி3யா மாத்திடுங்க, எல்லா போன்லயும் ஓடும்.

படம் கூகுள்ல தேடி எடுக்காதீங்க. சங்கரா மீனும் பலாப்பழமும் முந்திரியும் கட்டுமரமும் நம்மள சுத்தியே இருக்கு, போன்ல எடுத்தாலே அழகா வரும், புள்ளைக்கும் பாத்த பொருளா இருக்கும். விக்கிமீடியா காமன்ஸ்ல எடுத்தா யார் எடுத்த படம், என்ன லைசன்ஸ்னு எழுத ரெண்டு காலம், அது காலியா இருந்தா வெளியாகாது. ஃபோட்டோவுல புள்ளைங்க முகம் வேணாம்.

பட்டியல் வரிசைய மறந்துடாதீங்க. சும்மா வரிசைப்படுத்தச் சொன்னா யூனிகோடு வரிசையில வரும், நகரத்துக்கு பின்னாடியே னகரம் நிக்கும், வகரம் ழகரத்துக்கு அப்புறம் போயிடும், ஜ போய் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவுல உக்காந்துக்கும். அகர வரிசை தெரிஞ்ச டீச்சருக்கு பாத்ததும் எரியும். போஸ்ட்கிரெஸ் 10ல இருந்து ஐசியூ கொலேஷன், அதாவது மொழிக்கேத்த வரிசை விதி, இருக்கு, தமிழுக்கானதை அந்த காலத்துக்கு குடுத்தா முடிஞ்சுது.

வெளியிடறதுக்கு வருவோம். கேம் நேரா டேட்டாபேஸை படிக்கவே கூடாது. வெளியிடுன்னு பட்டன் அழுத்தினதும் சரின்னு ஆன சொல்லு, கேள்வி, படம், ஒலி எல்லாத்தையும் சேத்து ஒரு பேக்கா கட்டி, அதுக்கு ஒரு பதிப்பு நம்பர் போட்டு வைங்க, கேம் வைஃபை கிடைக்கும்போது புது நம்பர் இருக்கான்னு பாத்து இறக்கிக்கும், அப்புறம் நெட்டே இல்லாட்டியும் ஓடும். பேக்குக்குள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹேஷ் (ஃபைல் மாறினா தானும் மாறுற அடையாளக் குறி) எழுதி வெச்சா மாறின ஃபைலை மட்டும் இறக்கினா போதும், அப்பா போனோட டேட்டா மிச்சம். பழைய பேக்கை அழிக்காதீங்க, புதுசுல ஏதாவது சொதப்பினா ஒரே பட்டன்ல முந்தினதுக்கு திரும்பிடலாம். சோதனைன்னு ஒரு தனி வழி வெச்சு, டீச்சருங்க போனுக்கு மட்டும் முதல்ல போகட்டும், அவங்க ஒரு நாள் ஆடிப் பாக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியிடாதீங்க, சனி ஞாயிறுதான் புள்ளைங்க அதிகமா ஆடுறது, கோளாறு வந்தா உங்க ஞாயித்துக்கிழமை போச்சு.

இப்ப சார்ட்டுக்கு வாங்க. ஒரே ஒரு சார்ட் கட்டணும்னா நான் கட்டச் சொல்றது எழுத்துக் கட்டம். மேல 12 உயிர், பக்கவாட்டுல 18 மெய், உள்ள 216 உயிர்மெய். ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த எழுத்து வர்ற சொல்லு எத்தனை வெளியாகியிருக்குன்னு நம்பர், நம்பர் ஏற ஏற பச்சை அடர்த்தியாகும். இதுக்கு சொல்லை சேவ் பண்ணும்போதே எழுத்து எழுத்தா பிரிச்சு, எந்த சொல்லு, எத்தனாவது எழுத்து, என்ன எழுத்துன்னு ஒரு டேபிள்ல போட்டு வெச்சிடுங்க, அப்புறம் எண்ணுறது ஒரு வரி க்வெரி. ஙகர வரிசை ஏறக்குறைய மொத்தமும் வெள்ளையா இருக்கும், ஞகரத்துல அங்கங்க ஓட்டை இருக்கும், அது மொழியே அப்படித்தான், அந்த கட்டத்தையெல்லாம் சாம்பல் கலராக்கிடுங்க. ஆனா பூ, மீ, தே மாதிரி லேசா கிடைக்கிற எழுத்துல வெள்ளை தெரிஞ்சா அது நீங்க விட்டது. நிலை வாரியா ஃபில்டர் வைங்க, அரும்புல மட்டும் பாத்தா வேற ஓட்டை தெரியும். கட்டத்தை தொட்டா "இந்த எழுத்துல சொல்லு சேர்"னு ஃபார்ம் திறக்கணும். இன்னைக்கு எந்த சொல்லு ஏத்தறதுன்னு யோசிச்சிக்கிட்டு உக்காந்திருக்கற டீச்சருக்கு இந்த ஒரு ஸ்கிரீன் பெரிய ஒத்தாசை.

ரெண்டாவதா வேணும்னா கேள்வி வாரியா தப்பு விகிதம். அதுல எந்த தப்பு ஆப்ஷனை எத்தனை பேரு தொட்டாங்கன்னும் இருக்கட்டும். நிறைய பேரு ஒரே தப்பு ஆப்ஷனை தொட்டிருந்தா புள்ளைங்களை விட்டுட்டு கேள்விய பாருங்க, படம் தெளிவா இல்லாம இருக்கும், இல்ல மேல சொன்ன வாளை கதையா இருக்கும். அதுக்கு மேல புள்ளை பேரு, எந்த புள்ள எத்தனை மார்க்குன்னு சேக்க ஆரம்பிக்காதீங்க. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தைதான், அவங்க விவரத்தை தொடணும்னா அப்பா அம்மா சம்மதம் வாங்கணும். கேள்வி நம்பரும் எண்ணிக்கையும் மட்டும் போதும், உங்களுக்கும் வம்பு இல்ல.

கடைசியா பேக்கப்பும் ஆளுங்களும். ராத்திரி தினமும் போஸ்ட்கிரெஸ் டம்ப் (டேட்டாபேஸோட முழு நகல்) ஒண்ணு, படம் ஒலி ஃபோல்டரோட ஒரு காப்பி, ரெண்டும் சர்வர் இல்லாத வேற எடத்துக்கு போகணும். ஸ்கூல் கம்ப்யூட்டர்ல சர்வர் வைக்கலாம்னு யாராவது சொன்னா கும்புடு போட்டு வேணாம்னு சொல்லிடுங்க. மாசம் ஒரு தடவ அந்த டம்ப்பை வேற மெஷின்ல ஏத்தி நிஜமாவே திறக்குதான்னு பாருங்க. அட்மின் பாஸ்வேர்ட் ஒரு ஆள் தலையில மட்டும் இருக்கக்கூடாது, ரெண்டு பேருக்காவது தெரியணும். கவுன்சிலிங்ல டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா அவங்க அக்கவுண்டை டெலீட் பண்ணாதீங்க, லாகினை மட்டும் நிறுத்துங்க, ஜாங்கோவுல ஆக்டிவ்னு ஒரு டிக் இருக்கு, அதை எடுத்துவிட்டா போதும். அவங்க ஏத்துன சொல்லுல எல்லாம் அவங்க பேரு அப்படியே இருக்கும், புது ஸ்கூல்ல சேந்துட்டு திரும்ப கேட்டாங்கன்னா டிக்கை போட்டு ஸ்கூல் டேகை மாத்திக் குடுத்துடலாம்.